சலமந்தரின் காலும் சித்தப்பாவின் காலும்

மதிப்பிற்குரிய ஐயா,

காலை இழந்த சலமந்தர் என்னும் ஈரூடகவாழி ஒன்றுக்கு அதே இடத்தில் விரல்களோடு புதுக் கால் முளைப்பதைக் காணொளியில் பார்த்த என் மகள், கண்ணிவெடியில் முழங்காலுக்குக் கீழே இழந்த தன் சித்தப்பாவின் காலும் அப்படி வளருமா என்று கேட்டாள். அவள் தரம் 9இல் படிக்கிறாள். பல்லிக்கு வால் முளைப்பதைப் போன்றதுதானே இதுவும்? விற்றமின் ஏயைக் கூடுதலாக உட்கொண்டால் மனிதருக்கும் பலன் கிட்டும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். பிள்ளைக்கு நான் என்ன சொல்வது?

ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.

அன்புள்ள சகோதரிக்கு,

சித்தப்பாவின் கால் வளராது. அதை வளரச் செய்யும் மருந்து இன்று உலகில் எங்கும் இல்லை. இதை மகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவளுடைய கேள்வி நல்ல கேள்வி என்பதால், மறைக்காத விடைக்கு அவள் உரியவள்.

பல்லியின் வாலையும் சலமந்தரின் காலையும் ஒன்றாகக் கருத முடியாது. பல்லிக்குத் திரும்ப முளைக்கும் வாலினுள் பழைய முள்ளென்புகள் இருப்பதில்லை, கசியிழையம் எனப்படும் குருத்தெலும்பாலான ஒரு குழாய்தான் இருக்கிறது. கால் போனால் அதற்கும் போனதுதான். சலமந்தரோ என்பு, தசை, நரம்பு, தோல் அத்தனையும் உரிய இடங்களில் அமைந்த முழுக் காலைத் திரும்பப் பெறுகிறது. இத்தாலிய அறிவியலாளரான ஸ்பலன்சானி இதை 1768இல் எழுதி வெளியிட்டார். இலங்கையில் இயற்கையாக வாழும் சலமந்தர் எதுவும் இல்லாததால், நம் பிள்ளைகள் தவளையின் உறவான இந்த ஈரூடகவாழியைத் திரையில்தான் பார்க்க முடிகிறது. ஆய்வுகூடங்களில் அதிகம் வளர்க்கப்படுவது மெக்சிக்கோவின் சொச்சிமில்கோ ஏரிப்பகுதிக்கு உரிய ஆக்சலோட்டில் என்னும் வகை.

கால் துண்டிக்கப்பட்ட ஒரு நாளுக்குள் சுற்றிலுமுள்ள மேற்றோல் கலங்கள் நகர்ந்து வந்து காயத்தை மூடிவிடுகின்றன. நம் உடலிலும் காயம் மூடுகிறது. ஆனால் நமக்கு அதன் அடியில் நார்ப்பொருள் இறுகித் தழும்பாகிவிட, சலமந்தருக்கோ அந்த மெல்லிய மூடியின் கீழே உள்ள இழையங்களின் கலங்கள் தம் முதிர்ந்த நிலையிலிருந்து சற்றுப் பின்வாங்கி, மீண்டும் பெருகத் தொடங்கி, பிளாஸ்டீமா எனப்படும் சிறு மொட்டாகத் திரள்கின்றன. நரம்பு இல்லாவிட்டால் இந்த மொட்டு வளர்வதில்லை; காலுக்குச் செல்லும் நரம்பை வெட்டிவிட்டால் மீள்வளர்ச்சி நடைபெறாது என்பது 1823ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது.

மொட்டிலுள்ள கலங்கள் எதுவாகவும் மாறக்கூடியவை என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. ஒளிரும் பச்சைப் புரதத்தால் கலங்களை அடையாளமிட்டுத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009இல் அந்த நம்பிக்கையைத் திருத்தியது. தசையிலிருந்து வந்தவை தசையையே ஆக்கின. கசியிழையத்திலிருந்து வந்தவை தசையாகவில்லை. கலங்கள் இளமைக்குத் திரும்பினாலும் தாம் எங்கிருந்து வந்தவை என்பதை மறப்பதில்லை. இந்த முழுக் கதையிலும் என்னை மிகவும் வியக்க வைப்பது இதுவே.

தாம் காலின் எந்த உயரத்தில் இருக்கின்றன என்பதும் அவற்றுக்குத் தெரியும். மணிக்கட்டில் வெட்டினால் கை மட்டுமே முளைக்கிறது, தோளருகே வெட்டினால் புயத்திலிருந்து தொடங்குகிறது. உங்கள் உறவினர் சொன்ன விற்றமின் ஏ இந்த இடத்தில்தான் வருகிறது. மணிக்கட்டில் வெட்டப்பட்ட ஆக்சலோட்டிலுக்கு விற்றமின் ஏ சேர்மத்தை மிகையாகக் கொடுத்தபோது, கை முளைக்க வேண்டிய இடத்தில் புயம், முழங்கை எல்லாவற்றோடும் இன்னொரு முழு முன்னங்கால் முளைத்ததாக 1982இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்தப் பொருள் வளரும் ஆற்றலைத் தரவில்லை. ஏற்கெனவே வளரக்கூடிய கலங்களின் இட உணர்வைக் குழப்பி, தோளருகே இருப்பதாக அவற்றை எண்ண வைத்தது. மனிதர் அதை அளவுக்கு மீறி உட்கொண்டால் கால் வளராது, ஈரல்தான் பாதிக்கப்படும். கர்ப்பிணியின் வயிற்றுக் குழந்தைக்கும் அது ஆபத்து. உறவினரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

நமக்கு ஏன் இந்த ஆற்றல் இல்லை என்பதற்கு ஒற்றை விடை கிடையாது. ஒரு பகுதி விடை 2013இல் கிடைத்தது. இறந்த கலங்களையும் கிருமிகளையும் விழுங்கும் மக்ரோபேஜ் கலங்களை ஆக்சலோட்டிலின் உடலிலிருந்து நீக்கியபோது, அதற்கும் நம்மைப் போலவே தழும்பு ஏற்பட்டு, கால் முளைக்கவில்லை. அக்கலங்கள் திரும்பிய பின்னர் அதே காலை மீண்டும் வெட்டியபோது அது முளைத்தது. ஆகவே தழும்பும் மீள்வளர்ச்சியும் ஒரே காயத்திலிருந்து பிரியும் இரு பாதைகள் என்று நான் எண்ணுகிறேன். மனித உடலிலும் இரண்டாம் பாதையின் சுவடு சற்று உண்டு: சிறு பிள்ளைகளின் விரல் நுனி நகத்தின் அடிப்பகுதி சிதையாமல் துண்டிக்கப்பட்டால், தைத்து மூடாமல் விடும்போது அது நகத்தோடும் வடிவோடும் திரும்ப வளர்வது மருத்துவர்கள் அறிந்ததே.

விரல் நுனிக்கும் முழங்காலுக்குக் கீழுள்ள ஒரு காலுக்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. மகள் சித்தப்பாவிடம் பேசுவதானால், வெட்டுண்ட இடத்தின் தோலுக்கு அடியில் நரம்பு முனைகள் இன்னும் இருக்கின்றன என்பதையும், இல்லாத பாதம் சில இரவுகளில் அவருக்கு வலிப்பதுண்டா என்பதையும் கேட்டு அறியட்டும். சலமந்தரின் மொட்டுக்கு நரம்பு ஏன் தேவை என்ற பாடத்தை அவள் அங்கிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்.