ஓக் மரம்: நடுவது, காப்பது – கேள்வி பதில்

கேள்வி: தொட்டியில் வளர்ந்த ஆறடி ஓக் கன்று. குழி எவ்வளவு ஆழம்?

பதில்: வேரோடு இருக்கும் மண்கட்டியின் உயரம்தான் ஆழம். ஓர் அங்குலம் குறைந்தால் பரவாயில்லை, கூடவே கூடாது. அகலம் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். தொட்டியிலேயே தண்டு புதைந்து வருவதுண்டு; மேல்மண்ணை விரலால் விலக்கி, தண்டு விரிந்து முதல் வேர் கிளம்பும் இடத்தைத் தேடுங்கள். நட்டபின் அது தரைமட்டத்தில் தெரிய வேண்டும். தொட்டிச் சுவரை ஒட்டிச் சுருண்ட வேர்களை வெட்டிவிடுங்கள். விட்டால் பிற்காலத்தில் பருத்து அடிமரத்தையே நெரிக்கும். குழியில் எரு கொட்டாதீர்கள். அது மக்க மக்கக் கன்று உள்ளே இறங்கும். தோண்டிய மண்ணே போதும்.

கேள்வி: தண்ணீர்?

பதில்: முதல் இரண்டு கோடையிலும், மழையில்லாத வாரத்தில் தண்டின் ஓர் அங்குலத் தடிமனுக்குச் சுமார் 40 லிட்டர், மெதுவாக. தினமும் தெளிப்பது வீண். மூடாக்கு (மண்மேல் பரப்பும் சருகு, மரச்சீவல்) 3 அங்குலம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி.

கேள்வி: ‘பின் ஓக்’ (pin oak) என்ற ஓக் வகையின் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடலாமா?

பதில்: வேண்டாம், இது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் பி.எச். (மண்ணின் அமில-கார அளவு) 7-ஐத் தாண்டினால் வேருக்குக் கிடைக்காது. முதலில் மண்ணைப் பரிசோதியுங்கள். சுண்ணாம்பு மண்ணைக் கந்தகம் போட்டு மாற்றுவது நடக்காத காரியம், அங்கே இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை இரும்புச் செலேட்தான் (கார மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும்படி பிணைத்த இரும்பு உரம்) வேலை செய்யும், அதையும் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். புதிதாக நடுவதானால் ‘பர் ஓக்’ (bur oak) என்ற வகை அந்த மண்ணைத் தாங்கும்.

கேள்வி: பெரிய கிளையை எப்போது, எப்படி வெட்டுவது?

பதில்: குளிர்காலத்தில். வட அமெரிக்காவில் ஓக் வாடல் நோய் உள்ள பகுதிகளில் இதில் சமரசமே கூடாது: வசந்தத்தில் புதுக்காயத்தின் சாற்றுக்கு வரும் வண்டுகள் பூஞ்சையை ஒட்டிவிட்டுப் போகும், சிவப்பு ஓக் சில வாரங்களில் பட்டுவிடும். அங்கே அந்தப் பருவத்தில் கிளை முறிந்தால் உடனே காயத்தில் பெயின்ட் பூசுங்கள். மற்றபடி பூச்சு தேவையில்லை.

முதல் வெட்டு அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மேலாக, கால்பங்கு. இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து. கிளை விழுந்துவிடும், பட்டை கிழியாது. மிச்சக் கட்டையை, கிளை சேருமிடத்துப் புடைப்பு வளையத்துக்கு வெளியே அறுங்கள். வளையத்தைச் சீவினால் காயம் மூடாது.

கேள்வி: முதிர்ந்த மரத்தடியில் அரையடி மண் போட்டுப் புல்தரை அமைக்கலாமா?

பதில்: கூடாது. உறிஞ்சும் வேர்கள் பெரும்பாலும் மேல் ஒன்றரை அடியில்தான். காற்று கிடைக்காமல் மூச்சுமுட்டும். சில வருஷம் ஒன்றும் தெரியாது, பிறகு உச்சிக்கிளைகள் காயத் தொடங்கும். ஏற்கெனவே கொட்டியிருந்தால், இயந்திரம் ஏற்றாமல் கையாலேயே பழைய மட்டம்வரை வாரி எடுங்கள்.