ஒரே மரம், ஆறு வாரம்

கேள்வி: எங்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள், நான்கு வயதில் ஒரு மகன். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். முழங்கால் வலியால் அவரால் அதிக தூரம் நடக்க முடியாது. செப்டம்பர் வந்து, இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருக்கின்றன. குளிர் இறுகுவதற்குள் பிள்ளைகளை நன்றாக வெளியே சுற்றிக்காட்டிவிட வேண்டும் என்று கணவருக்கு ஆசை. போன ஞாயிறு இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஆறு கிலோமீட்டர் காட்டுப்பாதையில் நடந்தோம். பாதி வழியில் சின்னவன் உட்கார்ந்துவிட்டான். பெரியவள் போரடிக்கிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாமியார் நாள் முழுக்க வீட்டில் தனியாக இருந்தார். திரும்பி வந்ததும் எனக்கும் கணவருக்கும் சண்டை. இப்போது வெளியே போகலாமா என்று கேட்டாலே ஆளுக்கு ஒரு பக்கம் ஓடுகிறார்கள். இந்தச் சில வாரங்களை எல்லோரும் சந்தோஷமாகக் கழிக்க வழி உண்டா?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறு கிலோமீட்டர் உங்கள் கணவருக்குச் சரியான தூரம். ஒன்பது வயது மகளால் நடந்துவிட முடியும், ஆனால் நடப்பதில் அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு அது அநியாயம். மாமியாருக்கு அந்தத் திட்டத்தில் இடமே இல்லை. ஐந்து பேருக்கும் ஒரே நாளில், ஒரே பாதையில் சந்தோஷத்தைத் தேடியதுதான் சிக்கலானது. அதற்காக உங்கள் கணவர்மேல் கோபப்படாதீர்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று துடிக்கும் அப்பா கிடைப்பது பெரிய விஷயம்.

நான் சொல்லப்போவது சின்ன யோசனைதான். தூரத்தைக் குறையுங்கள், தடவையைக் கூட்டுங்கள். வீட்டிலிருந்து பத்து நிமிடத்துக்குள் போகக்கூடிய ஓர் இடம், அங்கே ஒரு மரம். அடுத்த ஆறு வாரமும் அதே மரம்.

இந்தப் பருவத்துக்கு இது ஏன் இவ்வளவு பொருந்தும் என்று சொல்கிறேன். கோடையில் ஓர் இடத்தை இன்று பார்த்தாலும் பத்து நாள் கழித்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இப்போது அப்படி இல்லை. செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும். (தென்கோளத்தில் இருக்கும் வாசகர்களுக்கு இலையுதிர்காலத்தைத் தொடங்கிவைக்கும் சமநாள் மார்ச் 20-ஐ ஒட்டி வரும்.) அந்த நாளைச் சுற்றித்தான் பகல் மிக வேகமாகக் குறைகிறது. நடு அட்சரேகைப் பகுதிகளில் ஒரு நாளைக்குச் சுமார் மூன்று நிமிடம், ஒரு வாரத்தில் இருபது நிமிடம். போன வாரம் வெயிலில் நின்று பார்த்த மரத்தை இந்த வாரம் அதே மணிக்கு நிழலில் நின்று பார்ப்பீர்கள். ஒரு தடவை போகிறவருக்கு இது தெரியாது. திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் தெரியும்.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பெரியவளிடம் கொடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் நின்று, அதே மணிக்கு, அவளே ஒரு படம் எடுக்கட்டும். ஒன்பது வயதில் பிள்ளைகளுக்குப் பின்னால் நடந்து வருவது பிடிக்காது, பொறுப்பு பிடிக்கும். முதல் கால் மணி நேரம் போரடிக்கிறது என்றுதான் சொல்வாள். சொல்லட்டும். அதற்குப் பதிலாக நீங்கள் வேடிக்கை காட்டத் தேவையில்லை. பேசாமல் உங்கள் பாட்டுக்கு நில்லுங்கள், அவளே எதையாவது கண்டுபிடிப்பாள்.

அவள் கேட்கக்கூடிய கேள்விக்கு மட்டும் தயாராக இருங்கள். மஞ்சள் எங்கிருந்து வந்தது? எங்கிருந்தும் வரவில்லை, கோடை முழுக்க இலைக்குள்ளேயேதான் இருந்தது. பச்சையம் மிகுந்திருந்ததால் கண்ணுக்குப் படவில்லை. பகல் குறையக் குறைய மரம் பச்சையத்தைப் புதிதாகச் செய்வதைக் குறைத்துக்கொள்கிறது, இருப்பதும் சிதைகிறது. அப்போது அடியில் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் வெளியே தெரிகின்றன. சிவப்பின் கதை வேறு. பெரும்பாலான மரங்களில் அந்த நிறமி இலையில் தங்கிவிட்ட சர்க்கரையிலிருந்து இந்த நாட்களில்தான் உண்டாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் சேர்ந்து வந்தால் சிவப்பு அதிகம் கொழிக்கும். அதே மரத்தில் வெயில் படும் பக்கம் சிவந்தும் உள்பக்கம் மஞ்சளாகவும் இருக்கிறதா என்று அவளையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் உங்கள் மாமியாரை அழைக்க வேண்டும். மரத்துக்குப் பக்கத்தில் உட்கார ஒரு பெஞ்சு இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். அது இருந்தால்தான் அந்த மரம். கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று ஒரே இலைக்கு வயதுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறோம். பிள்ளைகள் பொறுக்கி வருவதை மடியில் வாங்கி, இது பழுப்பு, இது சருகு என்று பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் உங்கள் வீட்டில் கிடையாது. பழம் பழுக்கிறது என்பதுபோல இலையும் பழுக்கிறது என்றே நாம் சொல்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. பாட்டி வாயால் அதைக் கேட்கிற குழந்தைக்கு மொழியும் சேர்ந்து வருகிறது. முழங்காலுக்கு ஒரு கம்பளிப் போர்வை, குடிக்கச் சூடாக ஏதாவது ஒன்று, அவ்வளவு போதும்.

சின்னவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் மகனுக்கும் அதே வயது இருக்கும்போது, ஒரு குன்றின் உச்சிக்குப் போவதாகக் கிளம்பினோம். வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஒரு மேப்பிள் மரம். அதன் இறக்கை வைத்த விதைகளை மேலே எறிந்தால் காற்றாடி மாதிரி சுற்றிக்கொண்டே இறங்கும். அவன் அங்கேயே நின்றுவிட்டான். நாற்பது நிமிடம். நான் கையைப் பிடித்து இழுத்தேன், அவன் அழுதான், உச்சிக்குப் போனோம். உச்சியில் என்ன பார்த்தோம் என்று எனக்கே இப்போது நினைவில்லை. அவன் இன்றும், வளர்ந்து ஆளான பிறகும், அந்த விதை கண்ணில் பட்டால் குனிந்து எடுத்து எறிகிறான். அன்றைக்கு அந்த நாற்பது நிமிடத்தை நாலு மணி நேரமாக்கிக் கொடுத்திருக்கலாமே என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் அவன் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். காலையில் போக முடிந்தால் சிலந்தி வலையைக் காட்டுங்கள். இந்த நாட்களில் வலைகள் திடீரென்று பெருகிவிட்ட மாதிரி இருக்கும். கோடை முழுக்கச் சிறிதாக இருந்த சிலந்திகள் இப்போதுதான் முழு அளவுக்கு வளர்ந்து பெரிய வலை கட்டுகின்றன. பனித்துளி கோத்திருப்பதால் ஒவ்வோர் இழையும் தெரியும். அணில்கள் கொட்டைகளை ஒவ்வொன்றாக வெவ்வேறு இடத்தில் புதைத்து, இலையைத் தள்ளி மூடுவதையும் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். அணில் மறந்துபோன கொட்டை சில சமயம் மரமாகிவிடும். நான்கு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அன்று முழுக்க எதையாவது புதைத்துக்கொண்டே இருப்பான்.

உடை விஷயத்தில் ஒரே ஒரு தடித்த கோட்டை மாட்டிவிடாதீர்கள். மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு போட்டால், ஓடும்போது கழற்றலாம், உட்காரும்போது போட்டுக்கொள்ளலாம். ஈரமான பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துவிடும். அதனால் மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி பையில் எப்போதும் இருக்கட்டும். சேற்றில் இறங்காதே என்று சொல்வதைவிட ரப்பர் பூட்ஸ் போட்டுவிடுவது உங்களுக்கு நிம்மதி.

இரண்டு எச்சரிக்கைகளை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். மழைக்குப் பின் காளான்கள் நிறைய முளைக்கும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். வாயில் வைக்கவே கூடாது, வீட்டுக்குக் கொண்டுவந்து சமைக்கவும் வேண்டாம். சாதாரணமாகத் தோன்றும் சில வகைகளின் நஞ்சு சமைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கும் மேல் எந்த அறிகுறியும் தெரியாமல் இருந்து, பிறகு கல்லீரலைத் தாக்குபவை உண்டு. கை பட்டுவிட்டால் கழுவினால் போதும், பயப்பட வேண்டாம். அடுத்தது உண்ணி. கோடையோடு அது ஓய்ந்துவிடாது. உயரமான புல்லிலும் சருகுக் குவியலிலும் விளையாடிவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்துக்கொண்டிருந்தால் கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எல்லாம் வேண்டாம். அதன்பின் காய்ச்சலோ, கடித்த இடத்தைச் சுற்றிப் பரவும் சிவப்போ தெரிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, உங்கள் கணவரின் நீண்ட நடை என்ன ஆவது? அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். ஆறு வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ, அவரும் மகளும் மட்டும் போய் வரட்டும். தம்பிக்காக வேகத்தைக் குறைக்க வேண்டாம், அப்பாவைப் பங்கு போட வேண்டாம் என்கிற நாள் அவளுக்கு அடிக்கடி கிடைத்திருக்காது என்று நினைக்கிறேன். தூரத்தையும் பாதையையும் அவளே வரைபடத்தில் பார்த்து முடிவு செய்தால் முகம் தூக்குவது குறையும். இருட்டு சீக்கிரம் கவிவதால் வெளிச்சம் இருக்கும்போதே வண்டிக்குத் திரும்புகிற மாதிரி கிளம்பச் சொல்லுங்கள். அந்த நாள் உங்களுக்கும் சின்னவனுக்கும் மாமியாருக்கும் மரத்தடி நாள். இதைக் கணவரிடம் சண்டையின் தொடர்ச்சியாகப் பேசாமல், சாப்பாடு முடிந்து எல்லோரும் ஆறுதலாக உட்கார்ந்திருக்கும்போது பேசுங்கள். “நீங்க சொன்னது சரி, வெளியே போகத்தான் வேணும். எப்படிப் போறதுன்னு மாத்திப் பார்ப்போமா” என்று தொடங்கினால் அவர் கேட்பார்.

வார நாட்களில் இன்னும் சுலபமாக ஒன்று செய்யலாம். பள்ளி விட்டு வந்ததும், பையை வைத்த கையோடு அரை மணி நேரம் வெளியே. வீட்டைச் சுற்றி ஒரு நடை போதும். வீட்டுப்பாடம் அதன் பிறகு. இருட்டுகிற நேரம் முன்னால் வந்துகொண்டே இருப்பதால், “அப்புறம் போகலாம்” என்றால் போக முடியாது. அந்த நேரத்தில் வானத்தையும் பாருங்கள். கம்பிகளில் வரிசையாகக் கூடுகிற தகைவிலான் குருவிகள் தெற்கே கிளம்பத் தயாராகின்றன. ஒரு நாள் கம்பி காலியாக இருக்கும். அந்தத் தேதியை மகள் எழுதி வைக்கட்டும், அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக, சமநாளை ஒட்டி வரும் முழுநிலா. அறுவடை நிலா என்று சொல்வது இதைத்தான். சராசரியாக நிலா ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிடம் தாமதித்து எழும். இந்த முழுநிலாவைச் சுற்றிய நாட்களில் நடு அட்சரேகைகளில் அரை மணி நேரம் அளவுக்குத்தான் தாமதம். அதனால் மூன்று நான்கு மாலைகள் தொடர்ந்து, பிள்ளைகள் தூங்கப் போவதற்கு முன்பே எழுந்துவிடும். அடிவானத்தில் அது பெரிதாகத் தெரியும். கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே ஏறிய பின்னும் அதே நகம் மறைக்கும். இந்த ஆண்டு எந்தத் தேதி என்று நாட்காட்டியில் இன்றே பார்த்துவிடுங்கள். கீழ்வானம் மறைக்காத ஓர் இடத்தையும் தேடி வையுங்கள், மாமியார் நாற்காலி போட்டு உட்காருகிற மாதிரி.