நாக்குக்குத் தெரியாத நீர்

(குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் 26 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: அம்மா, எனக்கு வயது 61. தினமும் காலையில் ஐந்து நண்பர்களோடு நடைப்பயிற்சிக்குப் போகிறேன். முடிந்ததும் பூங்காவின் சிமென்ட் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்காருவோம். யாருக்குச் சர்க்கரை ஏறியது, யாருடைய மகன் பேசுவதில்லை, யார் போய்ச் சேர்ந்தார், இவைதான் பேச்சு. வீடு திரும்பினால், “சாவு வீட்டிலிருந்தா வருகிறீர்கள்?” என்கிறாள் மனைவி. “பாசிட்டிவான ஆட்களோடு பழகுங்கள்” என்கிறான் மகன். எனக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர்கள் இவர்கள்தாம். விட்டுவிடவா?
- வாசகர், வேலூர்

பதில்: ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியவர்களையா விடுவது, ஐயா? அவர்களை விடாதீர்கள். பெஞ்சை மட்டும் கொஞ்சம் விடுங்கள்.

பார்த்த வேலையை வைத்துத்தான் எனக்கு யோசிக்கத் தெரியும். ஒரே ஊர், ஒரே மழை, கூப்பிடு தூரத்தில் இரண்டு கிணறு. ஒன்றின் நீரில் பருப்பு பூவாய் மலரும். மற்றதில் எவ்வளவு எரித்தாலும் வேகாது. ‘நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்’ என்று சேர்க்கையைப் பற்றிச் சொல்ல வந்த வள்ளுவர், எந்தப் பரிசோதனைக்கூடத்துக்கும் போனவர் இல்லை.

உங்கள் பெஞ்சு உப்புக் கிணறு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த உப்பு இருக்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. உப்பு கூடிவிட்டது என்று கிணற்றைத் தூர்த்துவிட மாட்டார்கள். ஆற்று நீரோடு தொட்டியில் கலப்பார்கள். 2000-மும் 500-மும் சரிபாதியாகக் கலந்தால் 1250. ஆனால், உப்புக் கிணற்றில் ஒரு குடம் நல்ல நீரை ஊற்றினால், காணாமல் போவது அந்தக் குடம்தான். ஐந்து பேரையும் தனி ஆளாகத் திருத்திவிடலாம் என்று உட்காராதீர்கள்.

வாரத்தில் நான்கு நாள் அவர்களோடு நடங்கள். நடக்கும்போது மூச்சு வாங்கும், புலம்பல் தானாகக் குறையும். பெஞ்சு வந்ததும், பால் வாங்க வேண்டும் என்று எழுந்துவிடுங்கள். மற்ற நாட்களில், எதையாவது செய்துகொண்டிருப்பவர்கள் பக்கம் போங்கள். கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்க ஓர் ஆள் எப்போதும் தேவைப்படும்.

நான் பயப்படுவது உப்புக் கிணற்றுக்கு அல்ல. அது முதல் வாயிலேயே முகத்தைச் சுளிக்க வைத்துவிடும். உங்கள் மனைவி கண்டுபிடித்ததைப் போல. தர்மபுரிப் பக்கம் வேலை பார்த்தபோதுதான் ஃபுளோரைடு கிணறுகளைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி நீர். குடித்தால் நாக்குக்கு ஒன்றும் தெரியாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆகாது என்பது கணக்கு. தாண்டியது எங்களுக்குத் தெரிந்தது குழந்தைகள் சிரித்தபோது: பல்லில் பழுப்புக் கோடு.

எங்கள் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நான்கு பேர் சேர்ந்து உட்காருவோம். அப்படி ஒரு சிரிப்பு! அன்று வராதவரின் புடவை, மேலதிகாரியின் நடை, யாரோ ஒருவருடைய மருமகள். நான்தான் அதிகம் சிரித்தவள். நடித்துக் காட்டவும் செய்வேன். மூன்று வருடம் போனது. ஒரு நாள் என் மகள் தன் தோழி பரிசு வாங்கியதைச் சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். “வேண்டாம் அம்மா, அவளிடமும் ஏதாவது கண்டுபிடிப்பாய்” என்றாள். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

மறுநாள் முதல் வாரத்துக்கு இரண்டு நாள் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு காவலாளி அறைக்குப் போனேன். அவர் ஐம்பது வயதுக்கு மேல் தபால்வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். நான் வரலாற்றுக் கேள்வி கேட்பேன், அவர் தயிர்சாதத்தோடு பதில் சொல்வார். பாதி தப்பாக இருக்கும். பழைய தோழிகள் ஒரு மாதம் முறைத்தார்கள்.

கேள்வி: தினமும் கண்ணாடி முன் நின்று ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று பத்து முறை சொல்லச் சொல்கிறார்கள். பலன் உண்டா?
- வாசகி, தேனி

பதில்: சொல்லிப் பாருங்கள், காசா பணமா? நான் ஒரு வாரம் சொன்னேன். எட்டாம் நாள் எனக்கே சிரிப்பு வந்து விட்டுவிட்டேன். ஃபுளோரைடு நீரைக் காய்ச்சினால் நீர்தான் ஆவியாகும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும். இருக்கிற இடத்தையும் ஆட்களையும் மாற்றாமல் மனதை மட்டும் காய்ச்சுவதும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்போது நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறம், அன்று யாரிடம் பேசினேன், என்ன தெரிந்துகொண்டேன் என்று ஒரு வரி எழுதி வைக்கிறேன். நேற்றைய தாளில் இருப்பது: ‘கீரை விற்கும் அம்மா. பேத்தி சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாளாம். பிரேக் மட்டும் இன்னும் பிடிக்கத் தெரியவில்லையாம்.’