தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போதே "சைஸ் இல்லை" என்கிறார்களே, துணிக்கடைக்காரர்கள் முன்கூட்டியே திட்டமிட மாட்டார்களா?

திட்டமிடுகிறோம். நீங்கள் ஆடித் தள்ளுபடியில் துண்டும் நைட்டியும் அள்ளிக்கொண்டிருக்கும்போதே எங்கள் தீபாவளி ஆர்டர் போய்விடும். கேள்வியைப் பார்த்தால், ஒன்பது வயதுப் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு 30 சைஸ் கேட்டு நாலு கடை ஏறி இறங்கியவர் என்று தெரிகிறது. பத்து நாள் முன்னாலேயே போனேன் என்கிறீர்கள், சரி, நம்புகிறேன். ஆனால் "திட்டமிட மாட்டார்களா" என்ற அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் கடையைச் சாத்திவிட்டு வந்து ராத்திரி பதினொன்றரைக்கு இதை எழுதுகிறேன்.

மன்னார்குடியில் பதினாலு வருஷமாகக் குழந்தைகள் ரெடிமேட் கடை வைத்திருக்கிறேன். சின்னக் கடைதான், சீசனில் மட்டும் வேலைக்கு ஆறு பேர். என் கடையில் எந்தத் தீபாவளிக்கும் சரக்கு தீர்ந்ததாகச் சரித்திரம் இல்லை. சைஸ் தீரும். ஏனென்றால் எங்களுக்குச் சரக்கு செட்டாகத்தான் வரும். ஒரு டிசைனில் 20, 22, 24, 26, 28, 30 என்று ஆறு உருப்படி. எனக்கு 28ம் 30ம் மட்டும் போதும், பத்துப் பத்து கொடு என்றால் தைப்பவர் கொடுக்க மாட்டார், மிச்சத்தை அவர் யார் தலையில் கட்டுவார்? ஆக உங்கள் பையனுக்கு ஒரு 30 கூடுதலாக வைக்க வேண்டுமென்றால் அதோடு வேறு ஐந்து உருப்படியையும் நான் வாங்கியாக வேண்டும். அந்த 20 அடுத்த ஆடி வரை அலமாரியில் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

"அப்படியானால் நிறைய செட் வாங்கி வைக்க வேண்டியதுதானே" என்று கீழே ஒருவர் கேட்பார், தெரியும். அவருக்காக 2024 கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் தீபாவளி வியாபாரம் மேட்டூரில் ஆரம்பிக்கிறது, சிரிக்காதீர்கள். ஜூன் 12ல் அணை திறந்தால் குறுவை நடுவார்கள், தீபாவளிக்கு முன்னால் அறுத்த காசு கையில் புரளும். 2024ல் அணையில் தண்ணீர் இல்லை, ஜூலை 28ல்தான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருந்தவர்கள் குறுவை நட்டார்கள், பல பேர் நேராக சம்பாவுக்குப் போய்விட்டார்கள். சம்பா என்றால் வயலில் காசைப் போடுகிற நேரம், எடுக்கிற நேரம் இல்லை. இந்த வருஷம் வியாபாரம் படுத்துவிடும் என்று கணக்குப் போட்டு ஆர்டரை மூன்றில் ஒரு பங்கு குறைத்தேன். இதுவும் திட்டம்தான், கவனியுங்கள்.

ஆனால் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் திருப்பூரில் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டேன். போனஸ் வரப்போகிற தைரியத்தில் வீட்டிலிருந்தவர்கள் செப்டம்பர் கடைசியிலேயே பெண் குழந்தைகள் பிராக்கை எடுக்க ஆரம்பித்தார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் 24, 26, 28 காலி. உடனே கல்கத்தா ஏஜென்டுக்குப் போன் போட்டேன். விலைக்கும் வேலைப்பாட்டுக்கும், அங்கே ரெடிமேட் தைக்கிற மெட்டியாபுரூஸ் பக்கத்துச் சரக்கை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஏஜென்ட் சொன்னார், "தாதா, பூஜா!" தாதா என்றால் அவர்கள் பாஷையில் அண்ணன், பூஜா என்றது துர்கா பூஜை. நமக்கு ஆயுத பூஜைக்கு ஒரு நாள் பொரி, சுண்டல். அங்கே ஒரு வாரத்துக்கு ஊரே வேலையை வைத்துவிடும். பூஜை முடிந்து 18ம் தேதி 40 செட் புக் செய்து எல்.ஆர். (லாரி ரசீது) நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தக் காகிதத்தை நான் கல்யாணப் பத்திரிகை மாதிரி எல்லாரிடமும் காட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம், "அக்கா, வெள்ளிக்கிழமை வாங்க, புது லோடு வருது" என்றேன்.

லோடு நிரம்பாமல் லாரி கிளம்பாது. 22ம் தேதி கிளம்பியது. 24 ராத்திரி டானா புயல் ஒடிசாவில் கரையேறியது, என் 240 பிராக்கும் அந்தச் சாலையில்தான் எங்கோ நின்றன. அக்காக்கள் வெள்ளிக்கிழமை வந்தார்கள், திட்டினார்கள், போனார்கள். 28ம் தேதி சென்னைக் கிடங்குக்கு வந்ததாகத் தகவல். அங்கே தீபாவளிப் பார்சல் மலைபோலக் கிடக்கிறது, இறக்க ஆள் இல்லை, போனை எடுக்கவும் ஆள் இல்லை. நானே நேரில் போய் எடுத்துக்கொள்கிறேன் என்றால், உங்கள் மூட்டை எந்த மூலையில் கிடக்கிறது என்று எங்களுக்கே தெரியாது சார் என்றார்கள். 31ம் தேதி தீபாவளி. மறுநாளும் அரசு விடுமுறை விட்டதால் நாலு நாள் ஊரே அடங்கிவிட்டது. நவம்பர் 4ம் தேதி காலையில் கடை வாசலில் பார்சல் இறங்கியது. கூலியை எண்ணிக் கொடுத்தேன். 45 நாளில் சரக்குக்கான பணமும் போயாக வேண்டும். முன்பெல்லாம் 90 நாள் தவணை கேட்டு இழுக்கலாம். 2024 ஏப்ரலில் சிறு தொழில்காரருக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால் அதை அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரிப் பிரிவு 43பி(எச்) வந்தபிறகு, அந்த 45 நாள் கணக்கைக் காட்டியே எல்லாரும் கறாராகிவிட்டார்கள். தப்பென்று சொல்லவில்லை, தைப்பவனுக்கும் வயிறு இருக்கிறதே.

பெரிய கடைகளில் மட்டும் எல்லாம் கிடைக்கிறதே என்பீர்கள். அவர்களுக்குப் பத்துக் கிளை, இங்கே தேங்கியதை அங்கே அனுப்புவார்கள். எனக்கு இருக்கும் ஒரே கிளை வீட்டு மாடி.

இதற்கு நடுவில் கட்டைப்பை. கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. 350 ரூபாய்க்கு ஒரு சட்டை எடுத்துவிட்டுக் கட்டைப்பை கேட்கிறார்கள். கொடுத்தால், "இன்னொண்ணு குடுங்க தம்பி, மார்க்கெட்டுக்கு ஆகும்". அந்தப் பை எனக்கு அடக்கமே 24 ரூபாய். அந்த வருஷம் சைஸ் இல்லை என்று சண்டை போட்டவர்களைவிடப் பை இல்லை என்று சண்டை போட்டவர்கள் அதிகம். ஒரு அம்மா எடுத்த துணியைத் திருப்பி வைத்துவிட்டே போனார்.

சரி, 2025ல் என்ன செய்தேன் என்று கேட்டால், கல்கத்தா, சூரத் சரக்கையெல்லாம் ஆவணிக்குள் முடித்துவிட்டேன், அதுவும் கையிலிருந்த காசில் பாதிக்குத்தான். மிச்சத்தைத் தொடவில்லை. எந்த சைஸ் பறக்கிறது என்று ஆயுத பூஜை வரை பார்த்தேன். அக்டோபர் 13 திங்கள் ராத்திரி ஈரோட்டுச் சந்தைக்கு டாடா ஏஸோடு நானே போனேன். விடிய விடிய சுற்றி, 26, 28, 30 மட்டும் பொறுக்கினேன். செட் உடைத்துக் கொடுக்க ரொக்கம் கேட்டார்கள், உருப்படிக்குப் பதினைந்து இருபது ரூபாய் கூடவும் கேட்டார்கள், கொடுத்தேன். செவ்வாய் சாயங்காலம் கடையில் தொங்கவிட்டாயிற்று. லாபம் குறைவுதான், ஆனால் மாடிக்கு ஒன்றும் ஏறவில்லை. எல்லாருக்கும் இது சரிப்படும் என்று சொல்ல மாட்டேன், புடவைக் கடைக்காரர்களுக்கு சைஸ் தொல்லையே கிடையாது, அவர்கள் கதை வேறு.

இந்த வருஷம் உங்கள் பையனுக்கு 30 வேண்டுமென்றால் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் வாருங்கள், எடுத்து வைக்கிறேன். வளர்ந்து 32 ஆகியிருந்தால் போனில் சொல்லிவிடுங்கள். பை ஒன்றுதான்.