அன்றாட வேலைகள் குவியும்போது மனம் திணறுவது ஏன்? அதைச் சமாளிப்பது எப்படி?

மனத்திணறல் என்பது, செய்ய வேண்டியவை நம் சக்தியை மீறிவிட்டன என்று தோன்றி, எதைத் தொடங்குவது என்றே தெரியாமல் நின்றுவிடும் நிலை.

ஒரே நேரத்தில் நாம் கவனத்தில் வைத்திருக்கக்கூடியவை மிகச் சிலவே என்பதுதான் இதன் அடிப்படைக் காரணம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் அந்த எண்ணிக்கையை ஏறக்குறைய 7 என்றார், நெல்சன் கோவன் 2001இல் அது 4 அளவிலேயே இருக்கும் என்று வாதிட்டார். இரு கைகளிலும் பைகளைச் சுமந்து வாசலில் நிற்பவர் பூட்டைத் திறக்க இயலாமல் தவிப்பது வலுவில்லாததால் அன்று, கை ஒழியாததால்தான்.

ஆகவே முதலில் மனத்தில் சுழலும் அனைத்தையும், அற்பமானவை உட்பட, தாளில் எழுதிவிடுவது நல்லது. (பட்டியலை அழகுபடுத்த உட்கார்ந்துவிடக் கூடாது, அதுவும் ஒருவகைத் தள்ளிப்போடலே.) பிறகு ஒவ்வொன்றையும் எப்போது, எங்கே, எப்படிச் செய்வது என்று குறித்துவிட்டால், அந்த வேலை இன்னும் முடியாமலிருந்தாலும் அதைப் பற்றிய நினைவு குறுக்கிடுவது குறைகிறது என்பதை உளவியலாளர்கள் மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்க முடியாதபோது, சிலவற்றை வெளிப்படையாக மறுப்பதே நேர்மையான வழி. உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மருத்துவரை அணுக வேண்டும்.

பல வேலைகளை ஒருசேரச் செய்தால் சுமை விரைவில் தீரும் என்று பலர் நம்புகின்றனர்; உண்மையில் கவனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது, ஒவ்வொரு தாவலிலும் நேரம் வீணாகிப் பிழையும் கூடுகிறது.