எந்த ஆண்டு கேட்டலாக் உங்களுடையது? அமெரிக்க இளங்கலை விதிகள் – கேள்வி பதில்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில், மாணவர் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்தேன். பட்டம் கொடுக்கும் முன் மாணவரின் கணக்கு நேர் ஆகிறதா என்று சரிபார்ப்பதுதான் என் வேலை. வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: போன ஆண்டு சேர்ந்தேன். இந்த ஆண்டு இணையதளத்தில் ஜென் எட் (எந்தத் துறை மாணவரும் எடுக்க வேண்டிய பொதுக்கல்விப் பாடங்கள்) விதிகள் மாறியிருக்கின்றன. புதியது எனக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தாதும்மா. கேட்டலாக் என்பது பாடங்களும் பட்ட விதிகளும் அடங்கிய ஆண்டுத் தொகுப்பு; நீங்கள் சேர்ந்த கல்வியாண்டின் கேட்டலாக்தான் உங்களுக்கு விதி. இடையில் விட்டுவிடாமல் தொடர்ந்து படிக்கும்வரை அந்த உரிமை உங்களிடம் இருக்கும். புதியதுதான் வசதி என்று பட்டால் அதற்கு மாறிக்கொள்ளப் பல இடங்களில் அனுமதி உண்டு. ஆனால் முழுதாக மாற வேண்டும். பழையதில் பாதி, புதியதில் பாதி என்று எடுக்க விடமாட்டார்கள். மேஜரை, அதாவது முதன்மைத் துறையை, மாற்றினால் அந்த மேஜருக்கு எந்த ஆண்டு விதி என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறையின் இணையப் பக்கம் எப்போது வேண்டுமானாலும் மாறும். கேட்டலாக் ஆண்டுக்கு ஒருமுறை வெளியாகி, பெரும்பாலும் அப்படியே நிற்கும். உங்கள் ஆண்டு கேட்டலாகைப் பிடிஎஃப் ஆக இன்றைக்கே இறக்கி வையுங்கள்.

கேள்வி: ஒரு கிரெடிட் என்பது எவ்வளவு?

வாரம் 1 மணி நேரம் வகுப்பு, 2 மணி நேரம் வெளியே படிப்பு, சுமார் 15 வாரம். மத்திய அரசின் வரையறை இது. செமஸ்டர் முறையில் பட்டத்துக்கு வழக்கமாக 120, குவார்ட்டர் முறையில் 180.

கேள்வி: மகளுக்காகக் கேட்கிறேன். இந்த விதிகளை யார்தான் தீர்மானிக்கிறார்கள்? கேட்டால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுகிறார்.

ஐயா, அவர்கள் கை காட்டுவதில் உண்மையும் இருக்கிறது. இது ஒருவர் கையில் இல்லை.

அடியில் இருப்பது பல்கலைக்கழகங்களின் தரத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் அங்கீகார அமைப்பு. தெற்கு மாநிலங்களில் நெடுங்காலமாக இயங்கும் சாக்ஸ்காக் என்ற அங்கீகார அமைப்பு, இளங்கலைக்குக் குறைந்தது 30 செமஸ்டர் கிரெடிட் பொதுக்கல்வி வேண்டும் என்கிறது. மொத்தத்தில் கால் பங்கையாவது பட்டம் தரும் இடத்திலேயே படித்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கு மேல் மாநிலச் சட்டம். டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்களில் 42 கிரெடிட் கோர், அதாவது கட்டாயப் பொதுக்கல்வி. அதில் அமெரிக்க வரலாறு 6, அரசியலமைப்பும் ஆட்சியும் 6. கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களில் இனவியல் பாடம் 3 கிரெடிட் கட்டாயமானது 2020இல் வந்த சட்டத்தால்.

மீதி எல்லாம் பேராசிரியர்கள் கையில். துறை ஒரு மாற்றத்தை எழுதும், கல்லூரியின் பாடத்திட்டக் குழு பார்க்கும், பேராசிரியர்களின் செனட் வாக்களிக்கும், நிர்வாகம் ஒப்புதல் தரும், அடுத்த கேட்டலாகில் ஏறும். இதற்கு ஓராண்டு ஆவது சாதாரணம். அந்தக் குழுக் கூட்டங்களில் குறிப்பெடுக்க உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பாடம் ஜென் எட் பட்டியலிலிருந்து விழுந்தால் அந்தத் துறைக்கு மாணவர் எண்ணிக்கை விழும், அப்புறம் ஆசிரியர் பணியிடமும் ஆட்டம் காணும். அதனால்தான் பட்டியலில் சேர்ப்பது சுலபம், நீக்குவது பெரும்பாடு.

கேள்வி: கம்ப்யூட்டர் சயன்ஸ் படிக்கிறேன். வரலாறும் நாடகமும் எனக்கு எதற்கு? இது பணம் பறிக்கும் வேலை.

உங்கள் கோபத்தில் பாதி நியாயம், தம்பி. நூற்றுக்கணக்கான பாடங்களைக் கொட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று எடு என்று விட்டுவிடும் இடங்களில் மாணவர் எது சுலபமோ அதைத்தான் எடுப்பார். அது கல்வி இல்லை, கட்டம் நிரப்பும் வேலை. அதைக் குறை சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்கிறேன்.

ஆனால் எதுவும் வேண்டாம் என்பதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். 1869இல் ஹார்வர்டுக்குத் தலைவரான சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைப் படிப்படியாக நீக்கிவிட்டு மாணவர் விருப்பத்துக்கே விட்டார். பலர் ஆரம்பப் பாடங்களாகப் பொறுக்கி எடுத்து, எதிலும் ஆழம் இல்லாமல் வெளியே வந்தார்கள். அவருக்குப் பின் வந்த லோவெல் ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று கட்டினார். இன்றைய மேஜரும் ஜென் எட்டும் அந்த வடிவம்தான். முதல் உலகப் போர் முடிந்த கையோடு 1919இல் கொலம்பியா பல்கலைக்கழகம், எல்லோரும் சேர்ந்து படிக்கும் சமகால நாகரிகப் பாடத்தைத் தொடங்கியது.

கேள்வி: (அதே தம்பி) பிரௌன் பல்கலைக்கழகத்தில் ஜென் எட்டே இல்லையே? அங்கே பட்டத்துக்கு மதிப்பு குறைந்துவிட்டதா?

குறையவில்லை. மாணவர்கள் எழுதிய அறிக்கையிலிருந்து 1969இல் பிறந்தது அந்த ஏற்பாடு; இன்றும் நிற்கிறது. ஆனால் அங்கேயும் எழுத்துத் திறனைக் காட்டியாக வேண்டும், 30 பாடங்கள் முடிக்க வேண்டும், மேஜர் உண்டு. கூடவே உட்கார்ந்து பேச அட்வைசர் வேண்டும். ஒரு அட்வைசருக்கு நானூறு மாணவர் இருக்கும் இடத்தில் அதே சுதந்திரத்தைக் கொடுத்தால், வீட்டில் வழிகாட்ட ஆளில்லாத பிள்ளைதான் முதலில் வழி தவறும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: குறுக்கே வருகிறேன். நான் நர்ஸ். வேண்டாவெறுப்பாக எடுத்த மானுடவியல் பாடம்தான் இன்று நோயாளியின் குடும்பத்திடம் பேச உதவுகிறது.

நன்றிம்மா. தம்பி, இவர் சொல்வதையும் கேளுங்கள். செலவு கவலை என்றால், மேஜரின் முன்தேவைக்கும் ஜென் எட்டுக்கும் ஒரே நேரத்தில் கணக்காகும் பாடங்களை முதலில் எடுங்கள்.

கேள்வி: மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எனக்கு எந்த விதி, பழையதா புதியதா?

முதல் கேள்வியைப் படியுங்கள். சேர்ந்த ஆண்டு கேட்டலாக்.

கேள்வி: கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜிலிருந்து (ஈராண்டுக் கல்லூரி) பல்கலைக்கழகத்துக்கு மாறப்போகிறேன். ஐஜெட்சியா, கால்-ஜெட்சியா?

இரண்டுமே மாறுவதற்கு முன் முடிக்கும் பொதுக்கல்விப் பாடத் தொகுப்புகள். 2025 இலையுதிர் பருவம் முதல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கால்-ஜெட்சி, 34 கிரெடிட். அதற்கு முன்பே தொடங்கி விடாமல் படிப்பவர்கள் ஐஜெட்சியை முடிக்கலாம். உங்கள் காலேஜ் கவுன்சிலரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி: எஃப்-1 மாணவர் விசாவில் ஆன்லைன் பாடம் எடுக்கலாமா?

முழுநேரத்துக்கான 12 கிரெடிட்டில் ஆன்லைன் 3 வரை கணக்காகும். மேற்கொண்டு எதுவானாலும் சர்வதேச மாணவர் அலுவலகம். விசாவில் நான் சொல்வதை நம்பி இறங்காதீர்கள்.

கேள்வி: எந்த மேஜருக்குச் சம்பளம் அதிகம்?

என் துறை இல்லை.

கேள்வி: டிரான்ஸ்கிரிப்டில் 120 வந்துவிட்டது. டிகிரி ஆடிட்டையும் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ட் நீங்கள் எடுத்த பாடங்களின் பட்டியல்; அவை பட்டத்துக்குக் கணக்காகின்றனவா என்று காட்டுவது ஆடிட். ஒரு ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு பெண் என் மேஜைக்கு வந்தாள். டிரான்ஸ்கிரிப்டில் 122, ஆடிட்டில் 118. தாளை அச்செடுத்து வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தோம். மூன்றாவது வரியில் பள்ளியில் எழுதிய ஏபி தேர்வில் வந்த கால்குலஸ், 4 கிரெடிட். பதினோராவது வரியில் முதல் செமஸ்டரில் வகுப்பில் உட்கார்ந்து எடுத்த அதே கால்குலஸ், 4 கிரெடிட். ஒரே பாடத்துக்கு இரண்டு முறை கிரெடிட் கிடையாது. அப்பா அம்மா விழாவுக்குப் பயணச்சீட்டு எடுத்திருந்தார்கள். மேடையில் நடந்தாள், கைதட்டல் வாங்கினாள். பட்டம் கோடைப் பாடம் ஒன்றை முடித்த பிறகு ஆகஸ்டில்தான் வந்தது. முதல் ஆண்டிலேயே யாராவது அந்த இரண்டு வரிகளைச் சேர்த்துப் பார்த்திருந்தால் போதும்.

கேள்வி: 2023 கேட்டலாக் இணையத்தில் கிடைக்கவில்லை. என்ன செய்ய?

ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போடுங்கள்; பழைய கேட்டலாக்குகள் அவர்களிடம் இருக்கும். வந்ததும் இறக்கி வையுங்கள்.