மருத்துவப் பதிவுகளை பிளாக்செயின் மூலம் பாதுகாத்தால் யாராலும் திருத்த முடியாதா?

திருத்தலாம், ஆனால் திருத்தியது தெரிந்துவிடும். பிளாக்செயின் என்பது ஒன்றோடொன்று கோத்த பதிவுகளின் சங்கிலி. ஐரோப்பிய நாடான எஸ்டோனியாவைப் பாருங்கள். அங்கே நடந்த 2007 சைபர் தாக்குதல்களுக்குப் பிறகு, 2008இல் சோதனை தொடங்கி, 2012 முதல் அரசுப் பதிவேடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் கோப்பு சங்கிலிக்குள் போவதே இல்லை, வழக்கமான சர்வரில்தான் இருக்கும். அதிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் என்ற குறியீடு மட்டும், கைரேகை மாதிரி, பதிவாகிறது. ஓர் எழுத்தை மாற்றினாலும் ஹாஷ் ஒத்துப்போகாது.

சங்கிலியையே மாற்றிவிட்டால்? அதற்காகத்தான் மொத்தத்துக்குமான ஹாஷை அவ்வப்போது அச்சு நாளிதழில் வெளியிடுகிறார்கள். விற்றுப்போன பேப்பரை எந்த ஹேக்கர் திருத்துவார்! எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு இது.

ரகசியம் காப்பது இதன் வேலையல்ல. என்கிரிப்ஷனும் (தகவலை மறைகுறியாக்குவது) அனுமதிக் கட்டுப்பாடும் தனியே வேண்டும். டாக்டர் முதலிலேயே தப்பாக எழுதியிருந்தாலும் இது கண்டுபிடிக்காது.